கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால்: வெளிநாட்டுப் பதிவுக்கு விண்ணப்பித்திருக்கும் பெங்களூருத் தமிழ்ச் செவிலியருக்கான கேள்வி-பதில்கள்

பெங்களூரின் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் தமிழ்ச் செவிலியர்களில் தமிழ்நாட்டில் படித்துவிட்டு வேலைக்காக இங்கே வந்தவர்களும் உண்டு, இங்குள்ள கல்லூரிகளிலேயே ஜி.என்.எம். என்னும் நர்சிங் டிப்ளமோ அல்லது பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து இங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, வளைகுடா என்று எங்கே விண்ணப்பித்தாலும், அந்நாட்டின் பதிவு அமைப்புக்கு இவர்கள் அனைவரும் வெளியே பயிற்சி பெற்றவர்களே. அதனால் விண்ணப்பித்த சில வாரங்களில், 'கீழ்க்காணும் ஆவணங்கள் மேலும் தேவைப்படுகின்றன' என்று ஒரு மின்னஞ்சல் ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிறது. நான் இந்த நகரத்தில் 22 ஆண்டுகள் வார்டில் பணியாற்றியவள். இப்போது அல்சூரில் என் வீட்டு மேசையில், ஞாயிற்றுக்கிழமைகளில், இளையவர்களின் இந்தக் கடிதங்களைச் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறேன். அப்போது திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்தக் கடிதம் வந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படப் போகிறது என்று பொருளா?

இல்லை. உங்கள் கோப்பை ஒருவர் திறந்து படித்திருக்கிறார், படித்த இடத்தில் ஒன்று அவருக்கு விளங்கவில்லை என்பதுதான் அதன் பொருள். நிராகரிப்பு என்றால் காரணத்தையும் மேல்முறையீட்டு வழியையும் சொல்லித் தனிக் கடிதம் வரும். நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து, கண் எரியும் நேரத்தில் இந்த மின்னஞ்சலைத் திறந்து, இரண்டு வரி படித்ததும் அழத் தொடங்கிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தூங்கி எழுந்து, ஒரு காபி குடித்துவிட்டு, அச்செடுத்துப் படியுங்கள். அன்றைக்கே பதில் எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

அச்செடுத்த பிறகு எதைப் பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு கோரிக்கையிலும் நான்கு செய்திகளைத் தேடி அடிக்கோடிடுங்கள்: எந்த ஆவணம், அதை யார் அனுப்ப வேண்டும், எந்த வடிவில் வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும். இவற்றில் இரண்டாவதைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். 'உங்கள் கவுன்சிலிலிருந்து எங்களுக்கு நேரடியாக வர வேண்டும்' என்று கடிதம் சொல்லியிருக்க, விண்ணப்பதாரர் தன்னைப் பதிவு செய்த மாநில நர்சிங் கவுன்சிலுக்குப் போய்ச் சான்றிதழை வாங்கி, அழகாக ஸ்கேன் செய்து, தானே பதிவேற்றிவிட்டு, முடிந்துவிட்டது என்று மூன்று மாதம் காத்திருப்பார். அந்த மூன்று மாதமும் வீண். மூலத்திலிருந்து நேராக வருவதை மட்டுமே நம்புவது என்ற கொள்கை ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்காகச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனம் உங்கள் கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் பழைய மருத்துவமனைக்கும் தானே எழுதிக் கேட்பதும், அமெரிக்காவுக்காகப் படிப்பை மதிப்பிடும், முன்பு சி.ஜி.எஃப்.என்.எஸ். என்று அழைக்கப்பட்ட ட்ரூமெரிட் அமைப்பு ட்ரான்ஸ்கிரிப்டை, அதாவது படிப்பின் விவரப் பதிவை, கல்லூரியிடமிருந்தே எதிர்பார்ப்பதும் இந்தக் கொள்கையால்தான். நம் நேர்மையைச் சந்தேகிக்கிறார்கள் என்று இதற்காக வருந்த வேண்டாம். எந்த நாட்டுச் செவிலியருக்கும் இதே விதிதான்.

ஆகவே வேலைகளை இரண்டாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். நீங்களே பதிவேற்ற வேண்டியவை ஒரு பக்கம், பிறர் அனுப்ப வேண்டியவை மறு பக்கம். இரண்டாவது பக்கத்தில் உள்ளவற்றை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள், ஏனென்றால் அந்த வேகம் உங்கள் கையில் இல்லை.

தமிழ்நாட்டில் படித்துப் பதிவு செய்தேன், பிறகு கர்நாடகத்திலும் பதிவு வாங்கினேன். எந்தக் கவுன்சில் கடிதம் தர வேண்டும்?

இரண்டும் தர வேண்டியிருக்கும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். நீங்கள் முதலில் பதிவு பெற்றது சென்னையிலுள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில். அது 1926ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த பழைய அமைப்பு, உங்கள் படிப்பைப் பார்த்துப் பதிவு கொடுத்ததும் அதுவே. பெங்களூரில் வேலை செய்ததற்கான பதிவு கர்நாடக மாநில நர்சிங் கவுன்சிலில் இருக்கிறது. 'உங்கள் பெயர் எந்தெந்தப் பதிவேடுகளில் இருக்கிறது, எங்காவது நடவடிக்கை நிலுவையில் உள்ளதா' என்று வெளிநாட்டு அமைப்பு கேட்கும்போது, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டுவிட்டால் அது மறைத்ததாகத் தோன்றும். உண்மையில் மறதியாகவே இருந்திருக்கலாம், ஆனாலும் விளக்கம் சொல்லும் வேலை உங்கள் தலையில் விழும்.

இதில் இன்னொரு குழப்பம் உண்டு. நம் மாநிலங்களில் செவிலியர் என்றும் தாதியர் என்றும் இரண்டு பதிவுகள் ஒருவருக்கே இருக்கும், இரண்டு எண்களும் இருக்கும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரசவம் பார்க்கும் தாதியர் பணி தனியான தொழில். படிவத்தில் ஓரிடத்தில் ஒரு எண்ணையும் வேறிடத்தில் மற்றொன்றையும் எழுதினால், இவர் யார் என்ற கேள்வி வரத்தான் செய்யும். செவிலியராக விண்ணப்பிப்பவர் செவிலியர் எண்ணை முதன்மையாகக் கொடுத்து, தாதியர் எண்ணும் உண்டு என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

உங்கள் பதிவு காலாவதியாகியிருந்தால், வெரிஃபிகேஷன் என்னும் சரிபார்ப்புக் கடிதத்தைக் கவுன்சிலிடம் கேட்பதற்கு முன் புதுப்பியுங்கள். காலாவதியான பதிவைக் கவுன்சில் 'காலாவதி' என்றே எழுதி அனுப்பும். அதைத் திருத்த மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ட்ரான்ஸ்கிரிப்டில் மணி நேரக் கணக்கு வேண்டும் என்று கேட்கிறார்கள். மதிப்பெண் பட்டியல் போதாதா?

போதாது. மதிப்பெண் பட்டியல் நீங்கள் எவ்வளவு எடுத்தீர்கள் என்று சொல்கிறது. அவர்கள் கேட்பது, ஒவ்வொரு பாடத்திலும் வகுப்பறையில் எத்தனை மணி நேரம், வார்டில் எத்தனை மணி நேரம் என்பது. குறிப்பாக மனநலம், குழந்தை நலம், மகப்பேறு ஆகியவற்றின் கிளினிக்கல் நேரத்தைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். சில கல்லூரிகள் எல்லா நேரத்தையும் ஒரே கூட்டுத்தொகையாக எழுதிக் கொடுத்துவிடுகின்றன. அப்படி வந்த ட்ரான்ஸ்கிரிப்டால்தான் இரண்டாவது முறை கடிதம் வருகிறது. கல்லூரியில் விண்ணப்பம் கொடுக்கும்போதே அந்த அமைப்பின் படிவத்தையும் இணைத்து, பாடவாரியாகப் பிரித்துத் தருமாறு எழுத்தில் கேளுங்கள்.

கர்நாடகத்தில் பி.எஸ்ஸி. படித்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்றால் ஜெயநகர் 4ஆவது டி பிளாக்கில் உள்ள ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம். அது 1996இல்தான் தொடங்கியது. அதற்கு முன் படித்த மூத்த சகோதரிகளின் பட்டத்தில் வேறு பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும், அதை ஒரு வரியில் விளக்க வேண்டும். தமிழ்நாட்டில் படித்தவர்கள் கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தை அணுக வேண்டும். இரவு மெயில் ரயிலில் சென்னைக்குக் கிளம்பி, ஒரே நாளில் வேலையை முடித்துத் திரும்பிவிடலாம் என்று நம்பிப் போகிறவர்கள், கல்லூரியின் முத்திரை இல்லை என்பதால் வெறுங்கையுடன் திரும்புவது வழக்கம். முதலில் கல்லூரி, பிறகு பல்கலைக்கழகம் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

ஜி.என்.எம். படித்தவர்களுக்கு ஒரு குறிப்பு. மூன்றரை ஆண்டாக இருந்த படிப்பு, பாடத்திட்டம் திருத்தப்பட்டபோது மூன்று ஆண்டாகக் குறைந்தது. உங்கள் தோழியின் சான்றிதழில் மூன்றரை என்றும் உங்களுடையதில் மூன்று என்றும் இருந்தால் அது பிழை ஆகாது. ஆனால் மதிப்பிடுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஆகவே நீங்கள் சேர்ந்த ஆண்டின் பாடத்திட்ட நகலைக் கல்லூரியிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகக் கல்லூரிகளுக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் தேவையா என்ற வழக்கு 2017இல் உயர்நீதிமன்றம் வரை சென்ற காலத்தில் படித்தவர்கள், தங்கள் கல்லூரிக்கு மாநில அரசும் மாநிலக் கவுன்சிலும் பல்கலைக்கழகமும் வழங்கிய அனுமதிக் கடிதங்களின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

என் பெயர் ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. என்ன செய்வது?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன் என்று சொன்னால் மிகையாகாது. நம் பெயரிடும் முறையை நாம் பிறருக்கு விளக்கியதே இல்லை, விளக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றியதும் இல்லை. அப்பாவின் பெயரின் முதல் எழுத்து நமக்கு இன்ஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அது பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஓர் எழுத்தாக நிற்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த எழுத்தை விரித்து எழுதச் சொல்வார்கள், அப்பாவின் முழுப்பெயர் குடும்பப்பெயர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். திருமணத்துக்குப் பிறகு ஆதாரிலும் வங்கியிலும் கணவர் பெயர் சேரும். சுப்பிரமணியின் மகளும் ரமேஷின் மனைவியுமான கவிதா என்ற ஒரு பெண், எஸ். கவிதா, கவிதா சுப்பிரமணி, கவிதா ரமேஷ் என்று மூன்று பேராகிவிடுவார். நமக்கு அது இயல்பு. லண்டனிலோ டப்ளினிலோ மேசையில் இருப்பவருக்கு மூன்று தனித்தனி மனிதர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள், அவர்களில் ஒருவரிடம்தான் பட்டம் இருக்கிறது.

இதற்கு மேல் எழுத்துக்கூட்டல். கவிதாவின் 'தா'வைத் தமிழ்நாட்டில் டி-ஹெச்-ஏ என்று எழுதுவோம், வேறிடங்களில் டி-ஏ என்று முடிப்பார்கள். நம் ழகரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கயல்விழியும் தமிழரசியும் ஓர் அலுவலகத்தில் இசட்-ஹெச் ஆகவும் மற்றோர் அலுவலகத்தில் எல் ஆகவும் பதிவாகிவிடுகிறார்கள். என் பெயரிலும் ஒரு ழகரம் இருக்கிறது. என் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கும் பட்டத்துக்கும் இடையே இருந்த அந்த ஓர் எழுத்து வேறுபாடு, பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்த விண்ணப்பத்தை ஏழு மாதம் நிறுத்தி வைத்தது. அந்த ஏழு மாதத்தில் என் ஆங்கிலத் தேர்வு முடிவும் காலாவதியானது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு தாளில் உங்கள் எல்லா ஆவணங்களையும் தேதி வரிசையில் எழுதி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, ஒரு புள்ளிகூட மாறாமல் எதிரே எழுதுங்கள். எந்த வேறுபாடு இன்ஷியலை விரித்ததால் வந்தது, எது திருமணத்தால் வந்தது, எது எழுத்துப் பிழை என்று மூன்றாகப் பிரியுங்கள். இன்ஷியல் வேறுபாட்டுக்கு, இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே நபரைக் குறிப்பவை என்று முத்திரைத்தாளில் ஒரு அஃபிடவிட் எழுதி நோட்டரியிடம் உறுதி செய்து, கூடவே தென்னிந்தியாவில் தந்தையின் பெயர் இன்ஷியலாக எழுதப்படும் வழக்கத்தை மூன்று வரியில் விளக்கும் கடிதத்தையும் இணைத்தால் பெரும்பாலும் போதும். திருமண மாற்றத்துக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழே ஆதாரம். எழுத்துப் பிழைக்கு மட்டும் அஃபிடவிட்டை நம்பியிருக்காதீர்கள். அது பிழையை விளக்கும், ஆவணம் தவறாகவே இருக்கும். எந்த அலுவலகம் தவறாக எழுதியதோ அங்கேயே திருத்தம் கேளுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை வேராகக் கொண்டு, பட்டம், கவுன்சில் பதிவு, பாஸ்போர்ட் என்ற வரிசையில் அதற்கு ஒத்துவரச் செய்வது எளிது.

விண்ணப்பம் நடுவழியில் இருக்கும்போது பாஸ்போர்ட்டில் பெயரை மாற்ற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மாற்றியே ஆக வேண்டும் என்றால் அன்றே பதிவு அமைப்புக்கு எழுதித் தெரிவியுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் விண்ணப்பிப்பதற்கு முன்னரே அதைச் சரிசெய்துகொள்வது நல்லது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது எத்தனை குடும்பங்கள் திண்டாடின என்பது பலருக்கு நினைவிருக்கும்.

ஊர்ப் பெயரும் கல்லூரிப் பெயரும் மாறியிருந்தால்?

இது சிறிய விஷயம். ஆங்கிலத்தில் பேங்களூர் என்று இருந்தது 2014 நவம்பர் 1 முதல் பெங்களூரு ஆனது. மெட்ராஸ் 1996இல் சென்னை ஆனது. இவற்றைக் கடிதத்தில் ஒரு வரியில் சொன்னால் போதும். கல்லூரியே பெயர் மாறியிருந்தால் அல்லது வேறு அறக்கட்டளையின் கைக்குப் போயிருந்தால், கல்லூரி முதல்வரிடமிருந்து அதைச் சொல்லும் கடிதம் ஒன்று வாங்க வேண்டும்.

பழைய மருத்துவமனை அனுபவச் சான்றிதழைச் சரிபார்த்துப் பதில் அனுப்பவில்லை. எப்படி நகர்வது?

முதலில், பதில் ஏன் வரவில்லை என்று நேரில் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் சரிபார்ப்புக் கடிதம் ஏதோ ஒரு பொதுவான மின்னஞ்சல் முகவரிக்குப் போய், யாரும் திறக்காமல் கிடக்கும். மனிதவளத் துறையில் இதைப் பார்ப்பவரின் பெயரையும் பதவியையும் மருத்துவமனையின் சொந்த மின்னஞ்சல் முகவரியையும் வாங்கிச் சரிபார்க்கும் அமைப்புக்குக் கொடுங்கள். ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் பதிலைப் பல அமைப்புகள் ஏற்பதில்லை. சிறிய நர்சிங் ஹோம்களில் வேலை பார்த்தவர்கள் இதனால் பெரிதும் பாதிக்கப்படுகிறார்கள். அங்கே லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் முத்திரையும் பதிவெண்ணும் தொலைபேசி எண்ணும் இட்ட கடிதத்தை அனுப்பச் சொல்லலாமா என்று அமைப்பிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மருத்துவமனை மூடப்பட்டுவிட்டால் வேலை பார்த்ததற்கு வேறு தடயங்கள் உண்டு. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் எந்த நிறுவனத்தில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்ற பணி விவரம் இருக்கும். சம்பளம் வரவான வங்கி அறிக்கை, பணி நியமன ஆணை, வருமான வரிப் பிடித்தத்துக்காக நிறுவனம் தரும் படிவம் 16, பழைய அடையாள அட்டை ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி, மூடப்பட்ட செய்தியை வெளிப்படையாகச் சொல்லி அனுப்புங்கள். 'சரிபார்க்க இயலவில்லை' என்ற முடிவும் 'முரண்பாடு' என்ற முடிவும் ஒன்றல்ல. முதலாவதைப் பிற ஆதாரங்களால் சமாளிக்கலாம். இரண்டாவது உங்கள் மேல் விழும் கறை.

அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொண்டு தர மறுப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த ஒரு மருத்துவமனை என் அசல் பட்டத்தை 14 மாதங்கள் தன் அலமாரியில் பூட்டி வைத்திருந்தது. அந்தக் கோபம் இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது என் உழைப்பு, என் அப்பா நிலத்தை அடகு வைத்துக் கட்டிய கட்டணம். செவிலியரைப் பத்திரம் எழுதி வாங்கிக் கட்டிப்போடும் முறைக்கு எதிராக இந்திய நர்சிங் கவுன்சிலே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் கேளுங்கள், தேவைப்பட்டால் மாநிலக் கவுன்சிலிலும் தொழிலாளர் துறையிலும் புகார் கொடுங்கள். வேலையில் சேரும் இளையவர்களுக்கு: அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள்.

இரண்டு வருடம் வேலை பார்க்கவில்லை. அதை எப்படிச் சொல்வது?

நடந்ததைத் தேதியுடன் சொல்லுங்கள். குழந்தை பிறந்தது, மாமியாரைப் பார்த்துக்கொண்டேன், ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தேன் என்பவை எல்லாம் மதிப்பிற்குரிய காரணங்கள். இடைவெளியை மூடுவதற்காகப் பழைய வேலையின் தேதியை நீட்டுவதுதான் ஆபத்து, ஏனென்றால் வைப்பு நிதிக் கணக்கு வேறு தேதியைச் சொல்லும்.

நோட்டரி, அட்டெஸ்டேஷன், அப்போஸ்டில் மூன்றும் ஒன்றா?

மூன்றும் வேறு. நோட்டரி உங்கள் நகலை அசலோடு ஒப்பிட்டு, இது உண்மை நகல் என்று கையெழுத்திடுகிறார். மேயோ ஹால் நீதிமன்ற வளாகத்தைச் சுற்றி நோட்டரிகள் எளிதாகக் கிடைப்பார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் செவிலியர் பதிவைக் கவனிக்கும் ஆஃப்ரா போன்ற அமைப்புகள் அந்த உறுதிமொழியில் என்னென்ன விவரங்கள் இருக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கின்றன. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோய், அதன்படி எழுதச் சொல்லுங்கள். வெறும் வட்ட முத்திரையும் கிறுக்கலான கையெழுத்தும் போட்ட நகல்கள் திரும்பி வருகின்றன.

அப்போஸ்டில் என்பது 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின்படி நம் வெளியுறவு அமைச்சகம் தரும் சான்று. இந்தியாவுக்கு அந்த உடன்படிக்கை 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஓமனும் பஹ்ரைனும் சவூதி அரேபியாவும் அதில் உறுப்பு நாடுகள். அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை உறுப்பு நாடுகள் அல்ல என்பதால் அங்கே செல்லும் ஆவணங்களுக்கு அந்நாட்டுத் தூதரகம் உறுதி செய்யும் அட்டெஸ்டேஷன் தேவைப்படுகிறது. கல்விச் சான்றிதழ்களை அதற்கு முன் மாநில அரசு உறுதி செய்ய வேண்டும், அதுவும் சான்றிதழ் வழங்கப்பட்ட மாநிலத்தில். தமிழ்நாட்டுப் பட்டத்தை வைத்துக்கொண்டு பெங்களூர் அலுவலகத்தில் நின்று பயனில்லை.

அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், மீதி எல்லாம் இடையில் உள்ள நிறுவனங்களின் சேவைக் கட்டணம். ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன், உங்களுக்கு வந்த கடிதத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ பதிவு செய்வதற்கு அதைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

காவல் துறைச் சான்றிதழ் எங்கே வாங்க வேண்டும்?

கர்நாடகக் காவல் துறை சேவா சிந்து என்னும் மாநில அரசின் இணையதளம் வழியாகத் தரும் சான்றிதழ் வேறு, பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பி.சி.சி. (போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ்) வேறு. வெளிநாட்டுப் பதிவுக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது இரண்டாவது. லால்பாக் சாலையிலோ மாரத்தஹள்ளியிலோ உள்ள பாஸ்போர்ட் சேவா மையத்தில் 500 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டில் திருநெல்வேலி முகவரியும் நீங்கள் இருப்பது மருத்துவமனை விடுதியும் என்றால், விடுதி முகவரிக்கு ஏற்கத்தக்க சான்று முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். ஆஸ்திரேலியாவின் ஆஃப்ரா மட்டும் தான் அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாகவே குற்றப் பின்னணிச் சரிபார்ப்பைக் கேட்கிறது என்பதால், அதற்கு விண்ணப்பிப்பவர்கள் முதலில் அந்த வழியைப் பார்க்க வேண்டும். முன்பு ஓமனிலோ சவூதியிலோ வேலை பார்த்தவர்களிடம் அந்த நாட்டின் சான்றிதழையும் கேட்பார்கள். அதற்கு விரல்ரேகை, தூதரகம் என்று நாள் பிடிக்கும். இந்தியச் சான்றிதழுக்குக் குறுகிய ஆயுள்தான் என்பதால் அதைக் கடைசியில் எடுங்கள், வெளிநாட்டுச் சான்றிதழை முதலில் தொடங்குங்கள்.

கன்னடத்திலோ தமிழிலோ உள்ள ஆவணங்களை நானே மொழிபெயர்க்கலாமா?

கூடாது, உறவினரும் கூடாது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் தன் பெயர், தகுதி, தொடர்பு விவரம், தேதியுடன் உறுதியளித்த மொழிபெயர்ப்பும், மூல ஆவணத்தின் நகலும் சேர்ந்தே போக வேண்டும். முத்திரைக்குள் இருக்கும் எழுத்துகளையும் பின்பக்கக் குறிப்புகளையும் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள்.

காலக்கெடுவுக்குள் பல்கலைக்கழகம் தராது போலிருக்கிறது.

கெடு முடிவதற்கு முன் எழுதுங்கள், முடிந்த பிறகு எழுதினால் அது வெறும் சமாதானம். என்ன விண்ணப்பித்தீர்கள், எந்தத் தேதியில், ரசீது எண் என்ன, எப்போது தருவதாகச் சொன்னார்கள் என்ற விவரங்களுடன், ரசீதின் நகலை இணைத்து, இன்ன தேதி வரை நீட்டிப்பு வேண்டும் என்று கேளுங்கள். பல அமைப்புகள் இத்தகைய வேண்டுகோளை ஏற்கின்றன. உங்கள் ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணுக்கு இரண்டு ஆண்டு ஆயுள்தான் என்பதையும் மறவாதீர்கள். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். மொத்தத்தில் 7, எழுத்துப் பகுதியில் 6.5 எடுக்க நீங்கள் எத்தனை இரவு விழித்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு ட்ரான்ஸ்கிரிப்ட் தாமதத்துக்காக அதை இழக்கக் கூடாது.

பதில் கடிதத்தை எப்படி எழுதுவது?

சுருக்கமாக. முதல் வரியில் விண்ணப்ப எண், முழுப்பெயர், பிறந்த தேதி, அவர்கள் கடிதத்தின் தேதி. பிறகு அவர்கள் எந்த வரிசையில் கேட்டார்களோ அதே வரிசையில், அதே எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில்: இணைத்திருக்கிறேன், அல்லது இன்ன அலுவலகம் இன்ன தேதியில் நேராக அனுப்பியது, அல்லது இன்ன காரணத்தால் கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாக இதைத் தருகிறேன். குடும்பக் கஷ்டத்தை எழுத வேண்டாம், அதனால் முடிவு மாறாது. கேட்காத சான்றிதழ்களை அள்ளிப் போடவும் வேண்டாம். பயிற்சி முகாம் சான்றிதழ்கள் 20 சேர்த்தால், தேவையான ஒன்று அதற்குள் தொலைந்துபோகும். ஸ்கேன்கள் வண்ணத்தில், இருபக்கமும், மூலைகள் தெரிய, ஓர் ஆவணம் ஒரு கோப்பாக இருக்கட்டும்.

ஏஜென்ட் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். விட்டுவிடலாமா?

உதவி வாங்கலாம், ஆனால் விண்ணப்பத்தின் கடவுச்சொல்லும் அதில் பதிந்த மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். ஏஜென்ட்டின் மின்னஞ்சலுக்குக் கடிதம் வந்து, அவர் பார்க்காமல் விட்டு, கோப்பு மூடப்பட்ட பிறகு விண்ணப்பதாரருக்குத் தெரிந்த கதைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஆள் சேர்க்கும் முகவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் இந்த வேலையைச் செய்கிறது, பெங்களூரில் இருக்கும் தமிழர்களில் பலருக்கு அது நினைவுக்கு வருவதே இல்லை.

அனுபவச் சான்றிதழை 'ஏற்பாடு' செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். பலரும் வாங்குகிறார்களாமே?

வாங்காதீர்கள். பதிவேட்டில் பொய்யான ஆதாரத்தால் பெயர் ஏறியது தெரிந்தால், எத்தனை ஆண்டு கழிந்தாலும் அதை நீக்கும் அதிகாரம் அந்த அமைப்புகளுக்கு உண்டு. 2023இல் நைஜீரியாவின் இபாடன் நகரில் ஒரு தேர்வு மையத்தில் மோசடி நடந்திருப்பதைப் பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் கண்டறிந்தபோது, ஏற்கெனவே அங்கே போய் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் விசாரணைக்கு உள்ளானார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஐ.சி.யூ.வில் வேலை பார்க்காத ஒருவர், பார்த்ததாகச் சொல்லி ஒரு வென்டிலேட்டர் நோயாளியின் பக்கத்தில் நின்றால், அந்தப் படுக்கையில் கிடப்பது ஒரு மனிதர். இப்போதே வாங்கிப் பதிவேற்றிவிட்டவர்கள், அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திராமல், ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசித்துத் தாமே எழுதித் திரும்பப் பெறுவது நல்லது.

எல்லாம் அனுப்பிவிட்டேன், ஆறு வாரமாகப் பதில் இல்லை. கேட்கலாமா?

முதலில் அவர்கள் சொல்லியிருக்கும் கால அளவைப் பாருங்கள். அது கடந்திருந்தால், விண்ணப்ப எண்ணுடன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இன்ன தேதியில் இன்ன கவுன்சில் அனுப்பிய சரிபார்ப்புக் கடிதம் உங்களுக்கு வந்து சேர்ந்ததா?' 'என் விண்ணப்பம் என்ன ஆயிற்று' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். வரவில்லை என்றால், கவுன்சிலின் அனுப்புகைப் பதிவேட்டில் உள்ள எண்ணையும் தேதியையும் வாங்கி அனுப்பிவிட்டு, மறுபடி அனுப்பச் சொல்லிக் கவுன்சிலிலும் மனுக் கொடுங்கள். ஒவ்வொரு தொலைபேசி உரையாடலையும் தேதி, நேரம், பேசியவர் பெயருடன் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வார்டில் நர்ஸஸ் ரிப்போர்ட் எழுதிப் பழகிய கைக்கு அது கடினமான வேலை அல்ல.